வீடு மாறுவதற்கு முன் 11 பூனைகளுக்கு வீடு தேடிய கதையும் வழியும்

குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறான் என்பார்கள். சென்னை மடிப்பாக்கத்தில் கடைசி மூன்று மாதம் நான் அப்படித்தான் அலைந்தேன். 9 வருடம் வாடகைக்கு இருந்த தனி வீடு. வீட்டுக்காரர் அதை பில்டரிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லி 90 நாள் அவகாசம் தந்தார். எனக்கும் அதே நேரத்தில் ஹைதராபாத்துக்கு மாற்றல். அங்கே பார்த்து வைத்தது இரண்டு படுக்கையறை ஃப்ளாட். இங்கே வீட்டுக்குள்ளும் மாடிப்படிக்கு அடியிலும் மதில்மேலுமாக இருந்த பூனைகள் 11.

"சாக்குல போட்டு காசிமேட்டுல விட்டுடுங்க சார், மீன் தின்னு பொழைச்சுக்கும்." தெருவில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். பிழைக்காது. மீன் கிடைக்கிற இடத்தில் ஏற்கெனவே பூனைகள் இருக்கும், நாய்களும் இருக்கும். புதிதாக வந்தது கால்வாயிலோ லாரிக்கு அடியிலோ ஒளிந்துகொண்டு நாள்கணக்கில் வெளியே வராது. கொழுத்த வீட்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவிலும், பசி தாகத்தில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம்தான். அபராதம் சொற்பம் என்பதால் யாரும் பயப்படுவதில்லை.

காப்பகத்தில் விடலாமே என்றும் சிலர் சொன்னார்கள். புளூ கிராஸ் மாதிரி 1959-லிருந்து இருக்கிற அமைப்பாக இருந்தாலும், அங்கே வந்து சேர்பவை பெரும்பாலும் அடிபட்டவையும் நோயில் கிடப்பவையும். நன்றாக இருக்கிற 11 வீட்டுப் பூனைகளை அந்தக் கூட்டத்துக்குள் விடுவது எனக்கு ஒப்பவில்லை. சரி, ஒவ்வொன்றுக்கும் வீடு தேடுவதுதான் வழி என்று உட்கார்ந்தேன்.

கணக்கு நோட்டு

ஒரு நோட்டு வாங்கி, பூனைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஆணா பெண்ணா, வயது, கருத்தடை ஆனதா, கடைசித் தடுப்பூசி எப்போது, என்ன சாப்பிடும், யாரோடு ஒத்துப்போகும், எதற்குப் பயப்படும். வயது தெரியாவிட்டால் டாக்டர் பல்லைப் பார்த்துச் சுமாராகச் சொல்வார். குட்டிகள் ஆணா பெண்ணா என்பதையும் அவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள், நமக்குத் தப்பும். நிறத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: ஆரஞ்சுப் பூனைகளில் ஐந்தில் நான்கு ஆணாக இருக்கும், வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறமும் கலந்தது அநேகமாகப் பெண்தான்.

நோட்டில் மிக உதவியது கடைசிக் கேள்வி. வடை என்கிற பூனை குக்கர் விசிலுக்கே அலமாரி உச்சிக்கு ஏறிவிடும். அதைக் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எழுதும்போதே தெரிந்துவிட்டது.

என் கணக்கு இது. செல்லி, 9 வயதுக் கிழவி. பட்டாணி, என் நெஞ்சில் ஏறித் தூங்குபவள். இட்லியும் வடையும் உடன்பிறப்புகள், ஒரே தட்டில் தின்பவை. கருப்பன். ஒற்றைக்கண் மாடசாமி, தெருவுக்கே சண்டியரான கடுவன். முத்தம்மாவும், அவள் போட்டு இரண்டு வாரமே ஆன மூன்று குட்டிகளும். பிறகு, மதில் என்று பேர் வைத்த, யாரும் தொட முடியாத பெண் பூனை. சோற்றை வைத்துவிட்டு நாம் நகர்ந்தால்தான் இறங்கி வருவாள்.

யாரைக் கூட்டிப் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஹைதராபாத் ஃப்ளாட்டில் இரண்டுக்கு மேல் முடியாது. மனம் உடனே பட்டாணி என்றது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மடியில் ஏறும், எல்லாரிடமும் பழகும் பூனைக்கு வீடு கிடைத்துவிடும். யாரும் கேட்கமாட்டாத பூனைக்குத்தான் உங்கள் வீடு வேண்டும். இதை மூன்றாம் மாதத்தில் புரிந்துகொண்டு பயனில்லை.

மாடசாமியை டாக்டரிடம் கொண்டுபோனபோது, சண்டைக் காயங்களைப் பார்த்துவிட்டு எஃப்ஐவி, எஃப்இஎல்வி என்கிற இரண்டு பூனை வைரஸ்களுக்கும் ரத்தத்தில் சோதனை செய்தார். எஃப்ஐவி இருந்தது. பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வைரஸ், மனிதருக்கு வராது, ஆழமான கடியால்தான் பெரும்பாலும் பரவும். நல்ல சாப்பாடும் கவனிப்பும் இருந்தால் பல வருடம் வாழும். ஆனால் ஒரு கண், ஒரு வைரஸ், 7 வயது என்று சொன்னால் போனில் அப்புறம் சத்தமே வராது. ஆகவே மாடசாமி என்னோடு. 9 வயதில் செல்லியை இடம் மாற்றி இன்னொருவரிடம் விடவும் மனம் வரவில்லை. அவளும் மாடசாமியும் சண்டையில்லாமல் இருப்பவர்கள். இரண்டு இடமும் நிறைந்துவிட்டது. பட்டாணி பட்டியலுக்குப் போனாள்.

நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

காலி செய்யும் தேதியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கடைசி 15 நாளில் எந்தப் பூனையும் புது வீட்டுக்குப் போகக் கூடாது. அது திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ள நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை ஆன பெண் பூனைக்கு 10 முதல் 14 நாள் ஓய்வு. அப்படியென்றால் கருத்தடை எல்லாம் முதல் மாதத்திலேயே முடிய வேண்டும்.

கருத்தடை செய்யாமல் வளர்ந்த பூனையைக் கொடுக்காதீர்கள். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம்தான். நீங்கள் கொடுத்த ஒன்று, வருடம் திரும்புவதற்குள் ஐந்தாகி அந்த வீட்டையும் உங்கள் நிலைக்கே கொண்டுவந்துவிடும். கடுவன் என்றால் புது வீட்டுச் சோபாவில் மூத்திரம் பீய்ச்சியே திரும்பி வரும். அறுவைக்குப் பின்னும் அந்தப் பழக்கம் அடங்கச் சில வாரம் பிடிக்கும். அதுவும் சீக்கிரம் தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

தனியார் கிளினிக்கில் ஐந்து பூனைக்குச் செலவு தாங்காது என்றால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்கவேண்டும், ஒரு நாள் லீவு போகும். பூனைகளுக்கு வேலை செய்யும் தன்னார்வலர்களிடம் கேட்டாலும் சலுகைக் கட்டணத்தில் செய்யும் டாக்டரைக் காட்டுவார்கள்.

பால் கொடுக்கும் தாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குட்டி பால் குடிக்கும்போதே அவள் மறுபடி சினைப்படலாம். கடுவன்கள் அண்டாத அறையில் வையுங்கள், குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள். முத்தம்மாவுக்கு 42-வது நாளில் செய்தோம். குட்டிகளுக்கு அப்போது 8 வாரம்.

அந்தக் குட்டிகளைப் பார்க்க நான் முதல் வாரத்திலேயே ஆட்களைக் கூப்பிட்டது முட்டாள்தனம். தாய்ப்பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பது சும்மா சொன்னதில்லை. இரண்டு பேர் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போன அன்று இரவே மூன்றும் காணோம். மறுநாள் மாலை, பக்கத்து வீட்டு அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். தாயையும் குட்டிகளையும் ஒரு அறைக்குள் கொண்டுவந்து, தாய் நம்பும் ஆள் மட்டும் தினமும் குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம்வரை மனிதக் கை பட்ட குட்டிதான் பின்னால் மனிதரோடு இணக்கமாக இருக்கும். ஆளைக் கூப்பிடுவதெல்லாம் 6 வாரத்துக்குப் பிறகு. அனுப்புவது 8 வாரத்துக்கு முன் வேண்டவே வேண்டாம்; என் குட்டிகள் 10 வாரத்தில் போயின.

தடுப்பூசியில் மூன்று நோய்க்கான ஊசி 8 வாரத்தில் தொடங்கும், மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. வெறிநாய்க்கடி ஊசி 12 வாரத்துக்கு மேல். குடற்புழு மருந்தையும் விடாதீர்கள். அட்டையில் ஊசியின் லேபிளைத் தேதியோடு ஒட்டி, டாக்டரின் கையெழுத்தோடு கொடுத்தால் எதிராளிக்கு வரும் நம்பிக்கையே தனி.

படமும் நாலு வரியும்

தரையில் படுத்து, பூனையின் கண் மட்டத்தில், காலை வெளிச்சத்தில் எடுங்கள். கறுப்புப் பூனை ஃபிளாஷ் போட்டால் இரண்டு விளக்காகத்தான் தெரியும். கருப்பனை என் அம்மாவின் மஞ்சள் புடவைமேல் உட்கார வைத்து எடுத்த பிறகுதான் முதல் போன் வந்தது. சகுனம் பார்க்கிற ஊரில் கறுப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும்.

"அழகான பூனை, நல்ல வீடு தேவை" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கருப்பனுக்கு நான் எழுதியது: "3 வயது ஆண், கருத்தடை ஆனது. காலை 5 மணிக்குக் கதவைத் தட்டி எழுப்புவான். வேறு ஆண் பூனை பிடிக்காது. தயிர்சாதம் தின்பான், கொடுக்க வேண்டாம்." குறையையும் சேர்த்து எழுதுவதால் அழைப்பு குறையும். குறையட்டும். திரும்பி வருவதும் குறையும்.

ஒரு தந்திரம். குட்டிகளின் படத்தைப் போட்டால் போன் விடாமல் அடிக்கும், பெரிய பூனைக்கு அடிக்காது. அதனால் குட்டி கேட்டு வருபவரிடம் வீட்டில் யார் யார், பகலில் ஆள் இருப்பார்களா என்று விசாரித்துவிட்டு, "உங்களுக்குக் குட்டியைவிட இது பொருந்தும்" என்று பெரியதைக் காட்டுங்கள். இட்லி, வடை இரண்டும் அப்படித்தான் போயின. தாம்பரத்தில் ஓய்வு பெற்ற தம்பதி, ஒரு குட்டி கேட்டு வந்தார்கள். திரைச்சீலையில் ஏறும் குட்டியைப் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்த இந்த இரண்டையும் பார்த்தார்கள். "ரெண்டையும் சேர்த்தே குடுத்துடுங்க தம்பி, ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு ஏங்கிடும்" என்று அந்த அம்மாவே சொன்னார். ஜோடியைப் பிரிக்காமல் 40 நாள் காத்திருந்தேன்.

போனில் கேட்க வேண்டியவை

"அண்ணா, ஆரஞ்சு குட்டி இன்னும் இருக்கா?"
"இருக்கு தம்பி. வீடு எந்த மாடி?"
"நாலாவது."
"பால்கனிக்கு வலை போட்டிருக்கா?"
"பூனை விழாதுல்லண்ணா?"

விழும். பறவையைப் பார்த்துத் தாவினால் எட்டாவது மாடியிலிருந்தும் விழும். புறாவுக்குப் போடும் நைலான் வலை இருந்தால் போதும் என்று நினைப்பார்கள்; பூனை அதைக் கடித்தே ஓட்டை போட்டுவிடும். கெட்டியான வலை, இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தம்பி வலை போட்டுப் படம் அனுப்பினார், குட்டி போயிற்று.

இன்னும் சில கேள்விகள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வீட்டில் எல்லாருக்கும் விருப்பமா, குறிப்பாக மாமியாருக்கு? (சிரிக்காதீர்கள், பட்டாணி திரும்பி வந்தது அதனால்தான்.) இதற்கு முன் பூனை வளர்த்தீர்களா, அது என்ன ஆயிற்று? இந்தக் கேள்விக்குப் பதிலை நிதானமாகக் கேளுங்கள். "குட்டி ஒண்ணு இருந்துச்சு, போன மாசம் வாந்தி எடுத்துச் செத்துப்போச்சு" என்றால் அது பான்லூக்கோபீனியா என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது. அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத குட்டியைத் தரவே கூடாது. ஊசி முழுதும் போட்ட பெரிய பூனை என்றால் யோசிக்கலாம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பின்வாங்க வேண்டியதில்லை, ஆனால் பேசிவிடுங்கள். பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் மணல் தட்டை வேறு யாராவது சுத்தம் செய்தால் பயம் பெருமளவு நீங்கும். இதை முன்பே சொல்லாவிட்டால், எட்டாம் மாதம் யாரோ ஒரு அத்தை வந்து ஏதோ சொல்ல, பூனை தெருவுக்கு வந்துவிடும்.

அரிசி மண்டியிலிருந்து ஒருவர் எலி பிடிக்க இரண்டு பூனை கேட்டார். நல்ல மனிதர்தான், சாப்பாடும் போடுவார். ஆனால் எலி மருந்தும் வைக்கிறார். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் அதே கதி. மருந்தை நிறுத்த முடியாது என்றார், நானும் முடியாது என்றேன்.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது, பணம் வாங்குங்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குப் பதில், கேரியரும் மணல் தட்டும் வாங்கிவிட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். அதற்குக்கூடச் சோம்பல் படுகிறவர் பின்னால் டாக்டரிடமும் போகமாட்டார். குட்டிகளின் கருத்தடைக் கட்டணத்தை மட்டும் எங்கள் டாக்டரிடம் நானே முன்கூட்டிக் கட்டி, சீட்டைக் கையில் கொடுத்துவிட்டேன். சும்மா வாங்கிய வாக்குறுதியைவிட அந்தச் சீட்டு வேலை செய்தது. மூன்று குட்டிக்கும் ஆறாம் மாதத்தில் அறுவை முடிந்தது.

ஒப்படைக்கும் நாள்

பூனையை நீங்களே கொண்டுபோய் விடுங்கள். வந்து வாங்கிப் போகிறேன் என்பவரின் வீட்டை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கேரியரை ஒரு வாரம் முன்பே கூடத்தில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வையுங்கள். துவைக்காத பழைய துணி ஒன்றும், பழகிய மணலில் இரண்டு கைப்பிடியும், இப்போது தின்கிற தீனியில் 10 நாளுக்கானதும் கூடவே போகட்டும்.

அங்கே முதலில் ஒரே ஒரு அறை. ஜன்னல் சாத்தி, கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் ஒளியட்டும் என்று விடச் சொல்லுங்கள். விருந்தாளியைக் கூட்டிவந்து காட்டுவதெல்லாம் இரண்டு வாரம் கழித்து. ஏற்கெனவே பூனை உள்ள வீடு என்றால் மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வைத்து வாசனையில் பழக்கி, பிறகுதான் முகம் காட்ட வேண்டும். கருப்பனுக்கு இப்படி ஒரு மாதம் ஆயிற்று, வீட்டில் இருந்தது பெண் பூனையாக இருந்தும்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் நான்கு விஷயம் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், அரை மாத்திரைகூடக் கொன்றுவிடும். நாய்க்கான உண்ணி மருந்தைத் தடவாதீர்கள். ஆண் பூனை தட்டில் போய் முக்கி முக்கி உட்கார்ந்து மூத்திரம் வரவில்லை என்றால் காலைவரை காத்திராதீர்கள், அன்றே டாக்டர். இடம் மாறும் பதற்றத்தில் இது வரக்கூடியதுதான். 24 மணி நேரம் ஒன்றுமே தின்னாவிட்டால் எனக்குப் போன்.

தொட முடியாத பூனை

வீடு இடிபடாமல் இருந்திருந்தால் மதிலை அங்கேயே விட்டு, சோறு வைக்கும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்திருப்பேன். இப்படிப்பட்ட பூனைக்கு இருக்கிற இடமே நல்லது. ஆனால் மதிலே இல்லாமல் போகப் போகிறது.

தன்னார்வலரிடம் கூண்டு இரவல் வாங்கினேன். முதல் நாளே கதவை விழவிட்டால் தப்பித்துக்கொண்டு மறுபடி அந்தப் பக்கமே வராது. ஒரு வாரம் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து உள்ளே நெத்திலி போட்டேன். எட்டாம் நாள் கம்பியை அவிழ்த்தேன். கூண்டைத் துணியால் மூடியதும் அடங்கிவிட்டாள். கருத்தடை, ஊசி, கருத்தடை ஆனது தெரிய இடது காது நுனியில் அடையாள வெட்டு, எல்லாம் ஒரே மயக்கத்தில்.

செங்கல்பட்டு தாண்டி ஒரு தோட்டத்தில் மாட்டுக் கொட்டகை. எலி மருந்து வைப்பதில்லை என்று உறுதி சொன்னவர்கள். அங்கே கொண்டுபோய்த் திறந்துவிட்டால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பி நெடுஞ்சாலையில் செத்துப்போகும். தீவன அறையில் கம்பி வலை அடித்து நான்கு வாரம் பூட்டியே வைத்தோம். தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே குரலில் கூப்பிட்டுச் சோறு. ஐந்தாம் வாரம் கதவைத் திறந்தபோது வெளியே போனாள், இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தாள். இந்த ஒரு மாதத்துக்கு ஒத்துக்கொள்ளாத தோட்டம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம்.

திரும்பி வந்தால்

பட்டாணியை முதலில் கொடுத்த வீட்டில் எட்டாம் நாள் போன். மாமியாருக்கு மூச்சிரைப்பு. சண்டை போடாமல் அன்றே போய் வாங்கி வந்தேன். "எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம், ஏன் என்று கேட்கமாட்டேன்" என்று எல்லாரிடமும் எழுதியே கொடுத்திருந்தேன்; இல்லாவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு தெருவில் விட்டிருப்பார்கள். அன்றிரவு அவள் பழையபடி நெஞ்சில் ஏறிப் படுத்தபோது, மாடசாமியை விட்டுவிட்டு இவளைக் கூட்டிப் போய்விடலாமா என்று நினைத்தது உண்மை. உங்களுக்கும் அப்படி ஒரு இரவு வரும். அந்த இரவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இரண்டாவது வீடு முத்தம்மாவை எடுத்துக்கொண்ட ஆசிரியை வழியாகக் கிடைத்தது. நல்ல வீட்டுக்கு ஒரு பூனை போனால், அவர்களே இன்னொரு வீட்டைக் காட்டுவார்கள். அதனால்தான் முதல் ஒப்படைப்பைச் சீக்கிரம் நடத்துங்கள் என்கிறேன்.

செல்லியும் மாடசாமியும் காரில் வந்தார்கள். ரயிலில் பூனை கொண்டுபோக முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் நாமே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடையில் வைத்து பிரேக் வேனில். இரண்டும் எங்களுக்குச் சரிப்படவில்லை. கிளம்புமுன் வயிறு நிறையத் தீனி வேண்டாம், தனித்தனிக் கேரியர், வழியில் எந்தக் காரணத்துக்கும் கார்க் கதவு திறந்திருக்கும்போது கேரியரைத் திறக்கக் கூடாது. நெல்லூர்வரை மாடசாமி கத்தினான், அப்புறம் தூங்கிவிட்டான்.

கொடுத்த பிறகு மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று நான்கு முறை விசாரித்தேன். அதற்கு மேல் கேட்டால் அவர்களுக்குச் சலிப்பாகிவிடும். ஆறாம் மாதம் பட்டாணியின் வீட்டுக்குப் போன் செய்தபோது ஒரு சின்னப் பெண் எடுத்தாள். பட்டாணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"யார் அங்கிள் அது? எங்க வீட்ல லட்டுதான் இருக்கு" என்றாள்.